தராசில் ஏறிய பையோன்

தான் படிக்கிற பாடத்தை ஊருக்கு விளங்கப்படுத்தலாம் என்று நினைக்கிற ஆளின் கையில் மைக்கைக் கொடுக்கக்கூடாது. இதை அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஆள் நான்தான். மைக்கைக் கொடுத்தவர் எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்பின் தலைவர் சின்னராசா மாமா. அன்றைக்கு நடந்ததில் பாதிப் பொறுப்பு அவருடையது என்று நானும் பல வருடமாகச் சொல்லிவருகிறேன். அவர் ஏற்றுக்கொள்வதாக இல்லை.

மல்லாவிக்கு அப்பால், குளத்துத் தண்ணீரை வாய்க்காலில் எடுத்து நெல் செய்கிற குடியேற்றத் திட்டம் எங்களுடையது. அங்கே பிறந்து, பௌதிகவியல் படித்து, படித்தது காணும் என்று வீடு சொன்னபிறகும் அடம்பிடித்துக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யப்போனவள் நான். இலேசான மேசன்களின் திணிவைக் குவார்க்குகளை வைத்துக் கணக்குப்போட்டுக் காண்பது என் ஆராய்ச்சி. (மேசன் என்றால் வீடு கட்டுகிற மேசனோ என்ற பகிடியை நீங்கள் சொல்லவேண்டாம். ஊரில் எல்லாரும் சொல்லி முடித்துவிட்டார்கள். சிலர் இரண்டு தரம்.)

விஷயம் பெரிதில்லை. குவார்க் என்பது அணுவின் கருவுக்குள்ளும் உள்ளே கிடக்கிற மிகச் சின்னத் துணிக்கை. ஒரு குவார்க்கும் ஒரு எதிர்க்குவார்க்கும் சோடி சேர்ந்தால் அது மேசன். மேசன்களிலேயே ஆக இலேசானது பையோன். இனித்தான் கரைச்சல். நான் எடுத்துக்கொண்ட முறையில், ஒரு குவார்க் தனியே பையோனிலும் இரண்டு மடங்குக்குமேல் பாரம். அப்படி இரண்டு சேர்ந்துதான் பையோன். அதாவது பாரமான இரண்டைச் சேர்க்க, அதில் ஒன்றிலும் பார்க்க இலேசான சாமான் ஒன்று வரவேண்டும். இரண்டும் எதிரெதிராகச் சுழலும்போது அவற்றுக்கு இடையிலுள்ள பிணைப்பே பாரத்தைத் தின்றுவிடுகிறது. அதே இரண்டும் ஒரே பக்கமாகச் சுழன்றால் பாரம் கூடி, ரோ மேசன் என்ற வேறு சாமான் வந்துவிடுகிறது. இயற்கையில் இதெல்லாம் தன்பாட்டில் நடக்கிறது.

என் கணினியில்தான் நடக்கவில்லை. ரோ மேசன் சொல்வழி கேட்கிற பிள்ளையாக வந்து நின்றது. பையோன் மட்டும் இறங்கமாட்டேன் என்று பிடிவாதம். கிழமைக்குக் கிழமை மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "உங்கட பையோன் இன்னும் பாரமாத்தான் நிக்குது" என்பார், ஏதோ நான் அதற்குச் சோறு போட்டு வளர்த்ததுபோல. ஒருநாள் எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டுப் பெரும்போக அறுவடைக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கேயாவது நிம்மதியாக நெல்லைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று ஓர் ஆசை.

வீட்டில் நெல்தான் பிரச்சினை. எங்கள் திட்டத்து நெல்லை வருடாவருடம் எடுப்பவர் ஓர் அரிசிமில் முதலாளி. லொறியும் அவருடையது, தராசும் அவருடையது. கீழே இரும்புத் தட்டு, மேலே சிவப்பு எழுத்து ஓடுகிற பெட்டி. வீட்டில் கட்டும்போது ஒரு நிறை இருக்கிற மூடை, அந்தத் தட்டில் ஏறினதும் மெலிந்துவிடும். கேட்டால், ஈரம் காய்ந்துவிட்டது என்பார். அமைப்பின் செயலாளர் என் அப்பா. தராசிலேதான் ஏதோ இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். ஒருமுறை மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போய், ஒரு மூடையை அமைப்பின் பழைய தராசில் நிறுத்து, பிறகு முதலாளியின் தட்டில் வைத்துப் பார்த்தார். இம்மியும் பிசகாமல் ஒரே நிறை. முதலாளி பெருந்தன்மையாகச் சிரித்தாராம். அப்பா முகம் கறுத்து வீட்டுக்கு வந்தாராம்.

ஆனாலும் மனிதர் விடவில்லை. அந்த வருடம் ஒரு தீர்மானம் தயாரித்தார். இனி எங்கள் நெல்லை எங்கள் தராசில்தான் நிறுக்கவேண்டும், சம்மதமில்லாவிட்டால் லொறி வெறுமையாகத் திரும்பட்டும். வீடு வீடாகப் போய்க் கதைத்தார். மழை இருட்டிக்கொண்டு நின்றது, லொறி திரும்பினால் நெல்லை எங்கே வைப்பது என்று ஆட்களுக்குப் பயம். அரைமனதாகத்தான் தலையாட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் கை உயர்ந்தால் உயர்ந்தது. உயராவிட்டால் திட்டத்தின் முழு விளைச்சலும் அந்தத் தட்டின்மேல் போகும், அப்பாவின் மானமும் கூடவே போகும்.

கூட்டத்தில் தீர்மானத்துக்கு முன்னால் ஒரு நிகழ்ச்சியைச் செருகினவர் சின்னராசா மாமா. திட்டத்தின் முதலாவது பௌதிகக்காரிக்குக் கௌரவிப்பு. பொன்னாடை போர்த்த ஒரு சிறப்பு விருந்தினர் வேண்டுமே. ஒலிபெருக்கியையும் கதிரைகளையும் இனாமாக அனுப்பியவர் யார்? முதலாளி. ஆகவே பொதுநோக்கு மண்டபத்தில், எல்லாருக்கும் முன்னால், அப்பா தராசுக் கள்ளன் என்று வீட்டில் சொல்கிற அதே மனிதர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற படம் இன்னும் இருக்கிறது.

நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அப்படித்தான் நினைத்திருந்தேன். சின்னராசா மாமா விடவில்லை.

"பிள்ளை, நீங்கள் என்ன படிக்கிறியள் எண்டு எங்களுக்கும் விளங்கிற மாதிரி ஒருக்காச் சொல்லுங்கோ."

விளங்குகிற மாதிரி. இந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது. பல்கலைக்கழகத்தில் நான் கதைத்தால் முன்வரிசை கைத்தொலைபேசியைப் பார்க்கும், பின்வரிசை நித்திரை கொள்ளும். இங்கே மண்டபம் முழுவதும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. யன்னலுக்கு வெளியே, சீமெந்துத் தளத்தில், நெல்மூடைகள் அடுக்கி இருந்தன. எனக்குள் ஒரு மேதை விழித்துக்கொண்டாள். (அவளை அன்றைக்குப் பிறகு நான் எழும்பவே விட்டதில்லை.)

"ரெண்டு நெல்மூடையை நினைச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். "தனித்தனிய நிறுத்தால் ஒவ்வொண்டும் ஒரு நிறை. சேத்து நிறுத்தால் எவ்வளவு வரவேணும்?"

"ரெண்டு மடங்கு" என்றது மண்டபம்.

"இல்லை. குறையும். ஒரு மூடையின்ர நிறையிலும் பாக்கக் குறையும். அதுதான் இயற்கை. உலகம் முழுக்க விஞ்ஞானியள் ஒத்துக்கொண்ட விஷயம்."

மண்டபம் முன்னுக்குச் சாய்ந்தது. மேசையில் இருந்த அப்பா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். இன்னும் சொல்லு என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சொன்னேன். சுழற்சியை எப்படிக் காட்டுவது என்று ஒரு கணம் யோசித்து, அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"ஒரு மூடையின்ர வாய் மேல, மற்றதின்ர வாய் கீழ இருந்தால் நிறை குறையும். அதுக்குப் பேர் பையோன். ரெண்டின்ர வாயும் மேல இருந்தால் நிறை கூடும். அது ரோ."

கைதட்டல். அப்படி ஒரு கைதட்டலை என் ஆராய்ச்சி அதற்குமுன் கேட்டதில்லை. முதலில் எழுந்து நின்று தட்டியவர் முதலாளி. தட்டிக்கொண்டே வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"எத்தினை வருசமா என்னை ஒரு மாதிரிப் பாத்தனீங்கள். நான் வாயே திறக்கேல்லை. இண்டைக்குச் செயலாளற்ர சொந்தப் பிள்ளை, இவ்வளவு படிச்ச பிள்ளை, சபையில சொல்லிப்போட்டுது. சேத்து நிறுத்தால் குறையும். இயற்கை குறைக்கிறதுக்கு நான் என்ன செய்யிறது?"

வழமையாக நேரம் மிச்சம் என்று இரண்டிரண்டு மூடையாகத்தான் தட்டில் ஏற்றுவார்கள் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அப்பா எழுந்து தீர்மானத்தை வாசித்தார். குரல் தடுமாறாமல் வாசித்தார். ஆதரவாகக் கை உயர்த்தியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் அம்மா. அம்மா அங்கத்தவர் இல்லை, தேத்தண்ணி ஊற்ற வந்தவர், அதனால் கணக்கில் எடுக்கவில்லை. படித்த பிள்ளையே சொன்ன பிறகு லொறியைத் திருப்பி அனுப்பி மழையில் நெல்லை முளைக்கவிட யாருக்குத்தான் மனம் வரும்? அப்பா கடுதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நல்லா விளங்கப்படுத்தினாய் பிள்ளை" என்றார் என்னைக் கடந்து போகும்போது. அவ்வளவுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெளியே நிறுவை தொடங்கிவிட்டது. நான் பொன்னாடையோடு பின்னால் ஓடினேன். நான் சொன்னது நெல்லுக்கு இல்லை, குவார்க்குக்கு மட்டும்தான், அது மிகமிகச் சின்னன் என்று ஒவ்வொருவரையும் பிடித்துச் சொன்னேன். தன் மூடைகளோடு வரிசையில் நின்ற நடராசா அண்ணை ஒரு நெல்மணியை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"உதுவும் சின்னன்தானே பிள்ளை."

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. நடராசா அண்ணைக்கு என் பேச்சின் இரண்டாம் பாதியும் ஞாபகம் இருந்தது. தன்னுடைய மூடைகள் தட்டில் ஏறும்போது இரண்டின் வாயும் மேலே பார்க்கவேண்டும் என்று மறித்தார். முதலாளியின் ஆட்கள் ஒன்றை வேண்டுமென்றே தலைகீழாக வைத்தார்கள். அவர் திருப்பினார். அவர்கள் திருப்பினார்கள். வாய்த் தையல் விட்டு நெல் கொட்டியது. அவருக்குப் பின்னால் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தராசைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்காத சனம், மூடையின் வாயைப் பற்றி அடிபடத் தயாராக நின்றது.

"ரோவாத்தான் நிறுக்கவேணும். பையோனா நிறுக்க விடேலாது."

"அது முதலாளியின்ர தராசு. அவர் பையோன் எண்டால் பையோன்தான்."

"பிள்ளையைக் கேளுங்கோ. பிள்ளை, நீங்களே வந்து பாத்துச் சொல்லுங்கோ, இது எது?"

வருடக்கணக்காகப் பையோனோடு மல்லுக்கட்டியவள் நான். நெல்மூடையைக் காட்டி இது பையோனோ என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்கு விசர் வந்துவிட்டது.

"மூடையே வேண்டாம்" என்றேன். "நான் ஏறுறன். மனுசருக்கு எல்லாருக்கும் வாய் மேலதான். தனியவும் நிறுங்கோ, இன்னொரு ஆளோட சேத்தும் நிறுங்கோ. ஒண்டும் குறையாது. அதோட இந்தக் கதையை விடுங்கோ."

விறுவிறு என்று தட்டில் ஏறினேன். யோசிக்கவில்லை. மைக் வயர் யன்னலால் வெளியே வந்திருந்ததையும், அதன் நுனியில் சின்னராசா மாமா நின்றதையும் கவனிக்கவில்லை. பெட்டியில் ஓடின சிவப்பு எழுத்தை அவர் தேவாரம் படிக்கிற நிதானத்தோடு ஒலிபெருக்கியில் அறிவித்தார். கிராமும் விடவில்லை. அந்த ஒலிபெருக்கி வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் கேட்கும். (எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. கேட்டவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.)

இனி இரண்டாவது ஆள். தட்டின் அகலம் இரண்டு மூடைக்குத்தான் காணும். கலியாணமாகாத பெண்பிள்ளையோடு ஒட்டிக்கொண்டு எந்த ஆம்பிளை ஏறுவது? ஆண்கள் வானத்தைப் பார்த்தார்கள். பெண்களோ என் நிறை ஒலிபெருக்கியில் போனதைக் கேட்டதும் ஓரடி பின்னால் போயிருந்தார்கள். ஒருத்தரும் கிட்ட வரவில்லை. அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணித் தட்டத்தோடு அம்மா வந்தா.

"அம்மா, ஒருக்கா இதில ஏறுங்கோ."

"உனக்கென்ன விசரோ?"

அம்மா திரும்பிப் போகத்தான் பார்த்தா. ஆனால் சற்றுத் தள்ளி, மடித்த கடுதாசி சட்டைப்பையில் துருத்திக்கொண்டு நிற்க, தனியே நின்ற அப்பாவைக் கண்டுவிட்டா. தட்டத்தைச் சீமெந்தில் வைத்தா. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினா. என்னை இறங்கச் சொல்லிவிட்டு ஏறினா. சின்னராசா மாமா அம்மாவின் நிறையையும் கிராமோடு அறிவித்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் வேறு ஆள் என்றால் மைக்கைக் கீழே போட்டிருப்பார்.

பிறகு நானும் ஏறினேன். விழாமல் இருக்க இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டோம். சிவப்பு எழுத்து ஓடி, ஆடி, நின்றது.

குறைந்திருந்தது. கொஞ்ச நஞ்சம் இல்லை, ஒரு பெரிய பூசணிக்காய் அளவு.

"குறைஞ்சிட்டுது" என்றது ஒலிபெருக்கி. "பிள்ளை சொன்னது சரி."

மறுபடியும் கைதட்டல், மண்டபத்தில் கேட்டதிலும் பெரிது. முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்க வந்தார். தன்னுடைய கோட்பாடு கண்முன்னே பரிசோதனையில் நிரூபணமாகும்போது, பொய், பொய் என்று கத்திய ஒரே ஆராய்ச்சி மாணவி நானாகத்தான் இருப்பேன். சின்னராசா மாமாவின் மைக்கைப் பறித்தேன். பிணைப்புச் சக்தி என்றால் என்ன, அது ஏன் மனிதருக்கு இப்படி வேலை செய்யாது, இவ்வளவு நிறை உண்மையில் குறைந்திருந்தால் வெளியே வருகிற சக்தியில் நாங்களும் இல்லை, தராசும் இல்லை என்று ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். நிரூபித்த பிறகு ஏன் இல்லை என்கிறா என்று சனம் தங்களுக்குள் கேட்டது. தன்னடக்கம் என்று முதலாளி விளக்கம் கொடுத்தார்.

அம்மா தட்டைவிட்டு இறங்கவில்லை.

"எனக்கு ஒண்டும் குறையேல்லை" என்றா, மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக. "காலமை புட்டுச் சாப்பிட்டனான். இவளுக்குப் பக்கத்தில நிண்டால் நான் மெலியிறதெண்டால், இத்தினை வருசம் இவளை வளத்ததுக்கு எலும்பாப் போயிருப்பன். எனக்கும் குறையேல்லை, இவளுக்கும் குறையேல்லை எண்டால் இந்தத் தட்டுக்குத்தான் ஏதோ வருத்தம். உதைப் பிரட்டுங்கோ."

மூடை ஏற்றுகிறவர்கள் முதலாளியைப் பார்த்தார்கள்.

"அக்கா, டிஜிட்டல் சாமான். பிரட்டினால் பழுதாப்போகும்" என்றார் முதலாளி.

"என்ர நிறையை ஊர் முழுக்கக் கேட்டாச்சு. இதுக்குமேல என்ன பழுதாகக் கிடக்கு? பிரட்டுங்கோ."

நான் மைக்கில் பிணைப்புச் சக்தியைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். தட்டைப் பிரட்டியவர் நடராசா அண்ணை. அடியில், நடுவில், ஒரு மரக்கட்டை. பக்கம் சீவி, அளவு பார்த்து வெட்டி, கம்பியால் கட்டியிருந்தது. ஒரு மூடை ஏறினால் தட்டு அந்தக் கட்டையில் முட்டாது, நிறை சரியாகக் காட்டும். இரண்டு ஏறினால் தட்டு சற்று வளைந்து கட்டையில் குந்திவிடும், மிச்சப் பாரத்தைக் கட்டை தாங்கிக்கொள்ளும். அப்பா ஒற்றை மூடையை வைத்துச் சோதித்தபோது தராசு ஏன் உத்தமனாக இருந்தது என்பது அப்போது எல்லாருக்கும் விளங்கியது. நான் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

"ஏத்தி இறக்கேக்க எப்பிடியோ உள்ள போயிருக்கு" என்றார் முதலாளி.

"கம்பியும் தானாக் கட்டுப்பட்டதோ?" என்று அப்பா கேட்டார். கேட்டுக்கொண்டே சட்டைப்பையிலிருந்த கடுதாசியை எடுத்தார்.

தீர்மானம் அந்தச் சீமெந்துத் தளத்தில் வைத்தே இரண்டாந்தரம் வாசிக்கப்பட்டது. எல்லாக் கையும் உயர்ந்தது, லொறிச் சாரதியின் கையும் சேர்ந்து. ஏற்றின மூடைகளை இறக்கி, அமைப்பின் பழைய தராசைக் கொண்டுவந்து, முதலிலிருந்து நிறுத்தார்கள். மழையும் பொழுதுபட்ட பிறகுதான் வந்தது. அப்பா அன்றைக்கு மூன்று தேத்தண்ணி குடித்தார். அம்மா என்னோடு கதைக்கவில்லை. அடுத்த நாளும் கதைக்கவில்லை.

இவ்வளவும் நடந்த பிறகு சின்னராசா மாமா நன்றியுரையில் என்ன சொன்னார் தெரியுமா? பிள்ளையின் ஆராய்ச்சியால் திட்டம் தப்பியது என்றார். அதைத் திருத்த நான் மைக்கைக் கேட்டேன். நல்லகாலம், ஒருவரும் தரவில்லை.

அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் யார் தராசு கொண்டுவந்தாலும், நெல் ஏற முன்னம் இரண்டு பேர் தனித்தனியாக ஏறி, பிறகு சேர்ந்து ஏறவேண்டும். அதற்குப் பெயர் பையோன் பார்க்கிறது. "பையோன் பாத்தாச்சோ?" என்று கேட்டுவிட்டுத்தான் மூடையில் கை வைப்பார்கள். மாங்குளம் பக்கத்திலும் இப்படிக் கேட்கிறார்களாம். என் ஆய்வுக் கட்டுரைகளை வாசித்தவர்களை ஒரு மேசையைச் சுற்றி இருத்திவிடலாம். பையோன் என்ற சொல்லை உலகத்திலேயே அதிகமாகப் பாவிக்கிற சனம் எங்கள் ஊர்ச் சனமாகத்தான் இருக்கும், அதில் ஒருத்தருக்கும் அது என்னவென்று தெரியாது. அம்மா கிளினிக்கில் நிறை பார்க்கிற மெசினில் ஏறமுன் தாதியைக்கொண்டு அதைத் தூக்கிப் பார்க்க வைக்கிறா.

நான் திரும்பப் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கணினிக்கு முன்னால் குந்தினேன். பையோன் பழையபடி பாரமாகவே நின்றது. கொஞ்ச நாள் கழித்து அப்பா தொலைபேசி எடுத்தார்.

"என்ன பிள்ளை, உன்ர பையோன் இறங்கினதோ?"

"இல்லையப்பா. என்ன செய்தும் இறங்குதில்லை."

அப்பாவுக்குப் பின்னால் குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"தட்டுக்குக் கீழ பாத்தவளோ எண்டு கேளுங்கோ."

இருவரும் சிரித்தார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் எது பிழைத்தாலும், மோட்டார் இறைக்காவிட்டாலும், என் கணவர் கோபித்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தாலும், அம்மா சொல்வது அதுதான். நான் அன்றைக்கு எரிச்சலோடு தொலைபேசியை வைத்தேன். வைத்துவிட்டு, எரிச்சலோடுதான், என் கணக்கை அடிவரிசையிலிருந்து வாசித்துக்கொண்டு வந்தேன். ஆராய்ச்சி தொடங்கின காலத்தில், இரண்டு குவார்க்கும் கிட்டக் கிட்ட வந்தால் கணினி குழம்புகிறது என்று, இதற்குமேல் கிட்டப் போகாதே என ஓர் எண்ணை நானே குறுக்கே போட்டிருந்தேன். போட்டதையே மறந்துவிட்டேன். ரோவுக்கு அது முட்டவில்லை. நெருங்கி வந்து பாரம் குறையவேண்டிய பையோன், ஒவ்வொரு தரமும் அதில் குந்திக்கொண்டு நின்றிருக்கிறது.

எடுத்துவிட்டேன். பையோன் இறங்கியது, பட்டமும் கிடைத்தது. எப்படி இறங்கியது என்று வீட்டில் கேட்டபோது, கடுமையாக உழைத்தேன் என்று மட்டும் சொன்னேன். அம்மாவுக்கு இது தெரியவந்தால், அதன்பிறகு நான் அந்த வீட்டுப் படி ஏறேலாது.